ஃப்ரிட்ஜுக்குக் குடிவந்த மணல்மேட்டம்மன்

அடுப்பில் ஏற்றினால் எழுந்து நிற்பான், இறக்கி வைத்தால் ஆடை போர்த்திப் படுத்துக்கொள்வான், தூங்குகிறானா என்று சும்மா சும்மா எட்டிப் பார்த்தால் கோபித்துக்கொண்டு திரிந்துபோவான். அவன் யார்?

அவசரமில்லை, யோசியுங்கள். பால் என்று சொன்னவர்களுக்குப் பாதி மதிப்பெண். மீதிப் பாதி யாருக்கு என்பது கதை முடிவதற்குள் தெரிந்துவிடும்.

வேலூருக்குக் கிழக்கே பாலாற்றை ஒட்டி மணல்மேட்டுத் தெரு என்று ஒரு தெரு. பாலாறு என்று பேர் வைத்த நாளில் அதில் என்ன ஓடியதோ, இப்போது ஓடுவது ஆடும் நாயும்தான். மணல்மேடு என்று பேர் வைத்த நாளில் மேடும் இருந்தது. அதை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போய் யார் யாரோ மாடி கட்டிக்கொண்டார்கள். மிஞ்சியது பேரும், ஒரு வேப்பமரமும், மரத்தடியில் சாண் உயரத்துக்கு ஒரு கல்லும், கல்லுக்குள் மணல்மேட்டம்மனும். போன மாசியில் சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் வேப்பமரத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மனை எடுக்கவில்லை, அவள் அவர்கள் வரைபடத்தில் இல்லை. பங்குனி முழுக்க மொட்டை வெயிலில் உட்கார்ந்திருந்தாள், சித்திரையிலும் உட்கார்ந்திருந்தாள், கல்லில் ஊற்றிய தண்ணீர் கீழே வழிவதற்குள் ஆவியாகிப் போவதைத் தெருவே பார்த்துவிட்டு, இந்த வருஷம் வெயில் அதிகம் என்று பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனது.

கத்திரி தொடங்கிய மூன்றாம் நாள், பகல் பன்னிரண்டரை மணிக்கு, தம்பிக்குப் பால் எடுப்பதற்காக நிறைமதி ஃப்ரிட்ஜைத் திறந்தபோது, ஃப்ரீசருக்கு நேர் கீழே, பின்சுவரில் சாய்ந்து, பால்சட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, காலை மடக்கிப் போட்டு மணல்மேட்டம்மன் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி பாக்கற? கதவ சாத்து. குளிரு வெளிய போவுது."

நிறைமதி சாத்தினாள். பாலை எடுக்க மறந்துவிட்டதால் மறுபடி திறந்தாள். அம்மன் உச்சுக் கொட்டினாள்.

நிறைமதிக்குப் பத்து வயது. ஐந்தாவது முடித்து ஆறாவதுக்குக் காத்திருந்தாள். அவள் அம்மா அமுலு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் மாலை ஆறரைக்குத்தான் இறங்குவாள். நைனா தணிகாசலம் ஆட்டோ ஓட்டுகிறவர். தம்பி கபிலனுக்கு இரண்டு வயதும் ஒரு மாதமும். தாய்ப்பாலை நிறுத்திய நாளிலிருந்து அவன் இட்லியைப் பார்த்தால் ஓடுவான், கஞ்சியைப் பார்த்தால் உதட்டைத் தைத்துக்கொள்வான், வாழைப்பழத்தைக் கொடுத்தால் சுவருக்குப் பூசுவான். நாலு வேளையும் அவனுக்குப் பால், பால் மட்டும்தான். வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்ததே அவனுக்காகத்தான். இரண்டு தீபாவளிக்குப் புடவை எடுக்காமல் அமுலு வாங்கிய ஒற்றைக் கதவுச் சிவப்பு ஃப்ரிட்ஜ் அது. காலை ஐந்தரைக்குப் பாக்கெட் வாங்கி, ஆறுக்குள் பொங்கக் காய்ச்சி, ஆறவைத்து, சட்டியோடு ஃப்ரீசருக்குக் கீழே பின்னால் தள்ளி வைத்துவிட்டால் பால் மறுநாள் காலைவரை சமர்த்தாகக் கிடக்கும். அந்தச் சின்னப் பெட்டியில் அதைவிடக் குளிர்ந்த இடம் வேறு இல்லை. அம்மனுக்கு இது யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

சட்டிக்கு இடமில்லாமல் போனதால் நிறைமதி பாலைப் பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றி, கதவிலிருக்கும் கம்பித் தட்டில் நிறுத்தினாள். பாட்டிலின் கழுத்து குறுகல், உள்ளே தேய்த்துக் கழுவ அவள் கை போகாது என்பதை அன்றைக்கு அவள் பெரிதாக நினைக்கவில்லை.

சாயந்தரம் வந்து பார்த்த அமுலு, முகம் கழுவி, தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொண்டு ஃப்ரிட்ஜின் முன்னால் நின்று, சாப்பிட்டீங்களா என்று அம்மனைக் கேட்டாள். சாப்பாடு வேண்டாம், தூக்கம்தான் வேண்டும், மூன்று மாதமாகக் கண் மூடவில்லை என்றாள் அம்மன். அப்படியானால் இருந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி அமுலு கதவைச் சாத்தினாள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் தணிகாசலம் எட்டரைக்கு வந்து, குளிர்ந்த தண்ணீர் குடிக்கக் கதவைத் திறந்தார்.

விடிவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கேலி பேசுகிறவர்களுக்கு இனி ஒரு பதில் இருக்கிறது, இங்கே சாமி இருக்கிற ஃப்ரிட்ஜ் இருக்கிறது என்று தணிகாசலம் ஆட்டோ ஸ்டாண்டில் சொன்னார். அம்மன் ஃப்ரிட்ஜுக்கு வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. வெயிலில் யாருக்குத்தான் அந்த ஆசை இல்லை? அமுலு வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வந்ததுதான் பலருக்குப் பொறுக்கவில்லை. எதிர்வீட்டுக் குப்பம்மாவிடம் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் இருந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து அம்மன் முன்னால் நின்று, "இந்தப் பொட்டியில ஒக்காந்தா உனுக்கு இன்னா மரியாத? எங்க வூட்டுது ரெண்டு கதவு, கோபுரம் மாரி நிக்குது" என்றாள்.

"உன் பொட்டில எடம் ஏதுடி? போன வருசத்து மாவு இன்னும் அங்கதான் கீது" என்றாள் அம்மன்.

குப்பம்மா அதற்குப் பிறகு ஒரு நாள் வரவில்லை, மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்தாள்.

பிறகு தெரு கூடி விதிகளை யோசித்தது. செருப்பை எங்கே கழற்றுவது என்று பேசினார்கள்; வாசலில் என்று முடிவாயிற்று. கதவிலிருந்த நாலு முட்டையை என்ன செய்வது என்று பேசினார்கள். வருஷா வருஷம் முழுச் சேவலே வாங்கிக்கொள்கிறவளுக்கு முட்டை ஒரு குறையா என்று முட்டைகள் அங்கேயே விடப்பட்டன. தூரமான பெண்கள் ஃப்ரிட்ஜைத் திறக்கலாமா என்று ஆண்கள் மட்டும் கூடிப் பேசினார்கள். அப்படியானால் அந்த மூன்று நாளும் எல்லா வீட்டிலும் நீங்களே சமையுங்கள் என்று அமுலு சொன்னாள். கூட்டம் அதோடு கலைந்தது, பிறகு கூடவே இல்லை. உள்ளே எரிகிற பல்பை அணையா விளக்கு என்றார்கள். கதவைச் சாத்தினால் அது அணைந்துவிடுமா, எரியுமா என்று ஒரு சண்டை வந்தது. நிறைமதி அம்மனிடமே கேட்டாள். "அணஞ்சிடும். அந்த இருட்டுக்குத்தானடி வந்தேன்" என்றாள் அம்மன், கண்ணைத் திறக்காமலே.

தணிகாசலம் ஆட்டோவை வேலியோரம் நிறுத்தி அதன்மேல் சாக்கைப் போட்டு மூடினார். காவி வேட்டி வாங்கினார். இருபது வருஷமாக யாரும் அவரை ஒரு வார்த்தை பேசவிட்டதில்லை. ஸ்டாண்டில் பேசினால் ஹாரன் அடிப்பார்கள், வீட்டில் பேசினால் அமுலு மிக்ஸி போடுவாள். இப்போது அவர் கதவின் கைப்பிடியைத் தொட்டாலே ஐம்பது பேர் மூச்சை அடக்கினார்கள். அது ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு நடை திறப்பு என்று பேர் வைத்தார். நடை சாத்துவதற்கு அவர் பேர் எதுவும் வைக்கவில்லை. ஒருத்தர் கும்பிட்டு நகர்வதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார், அவருக்காக மறுபடி திறப்பார், அவர் கூட்டி வந்த சம்பந்திக்காக இன்னொரு தரம் திறப்பார், கும்பிட்டுவிட்டோமா என்று சந்தேகம் வந்தவர்களுக்காக அதற்கும் மேலே ஒரு தரம்.

படையல்கள் வந்தன. ஆவி பறக்கும் பொங்கல் பானை அப்படியே உள்ளே போனது, அம்மனுக்கு எதிரே அது வைக்கப்பட்டதும் உள்சுவரெல்லாம் வியர்த்தது. கூழ் வந்தது, பாதி தர்பூசணி வந்தது, பையோடு எலுமிச்சை வந்தது. குளிர் நடப்பதற்குக்கூட வழியில்லாமல் தட்டுகள் அடைபட்டுப்போயின. திறந்த கதவின் முன்னால் கற்பூரம் எரிந்தது. பால் வாங்கக் காலையில் போகும் தணிகாசலம், வழியில் அம்மன் மகிமையை நாலு பேருக்குச் சொல்லி முடிக்க ஒரு மணி நேரமாகும். அதுவரை பாக்கெட் ஆட்டோ ஸ்டாண்டுத் திண்டில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அபிஷேகம். ஒவ்வொரு வீட்டாரும் ஒரு கிண்ணம் பால் கொண்டுவருவார்கள். குடிவந்த வீட்டை ஈரமாக்காதே என்று அம்மன் திட்டியதால், தணிகாசலம் பூவால் தொட்டு அவள் காலில் இரண்டு சொட்டுத் தெளிப்பார். மீதிப் பாலை என்ன செய்வது? அம்மனுக்குக் காட்டிய பாலைச் சாக்கடையில் கொட்டலாமா? கூடாது. குடிக்கலாமா? எல்லோருக்கும் பங்கு வராது. எனவே அவர் அதைப் பக்தியோடு கதவிலிருந்த ஜூஸ் பாட்டிலில், கபிலனின் பாலோடு, ஊற்றிக் கலந்துவிடுவார். காலைப் பாலில் நேற்றைய பால், நேற்றைய பாலில் முந்தாநாள் பால், குப்பம்மா பாலில் கோடிவீட்டுப் பால் என்று அந்த ஒரு பாட்டிலுக்குள் மணல்மேட்டுத் தெருவின் ஒற்றுமை முழுவதும் இருந்தது.

முதல் நாள் பால் இரவு ஏழு மணிக்குத் திரிந்தது. இரண்டாம் நாள் மூன்று மணிக்கு. நாலாம் நாள் பதினொன்றுக்கே, அடுப்பில் வைத்த உடனே, பால் இரண்டாகப் பிரிந்து கட்டி ஒரு பக்கமும் நீர் ஒரு பக்கமும் போயிற்று.

தெரு இதையும் ஏற்றுக்கொண்டது. முதலில் கண்ணேறு என்றார்கள். பிறகு குப்பம்மாவின் பெருமூச்சு என்றார்கள். பிறகு தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டு, ஊரின் வெயிலையெல்லாம் அம்மன் இழுத்துப் பாலில் இறக்குகிறாள், அதனால்தான் பால் தாங்கவில்லை என்று அறிவித்தார். அதன்பின் திரிந்த பாலில் வெல்லம் போட்டுக் கிண்டிப் பிரசாதமாகக் கொடுத்தார்கள். நன்றாகவும் இருந்தது. பால் திரிந்தால் கைதட்டினார்கள். ஒரு நாள் பன்னிரண்டு மணிவரை திரியாமல் இருந்தபோது, என்ன குற்றம் நடந்ததோ என்று தெரு கவலைப்பட்டது.

கவலைப்படாதவன் கபிலன் ஒருவன்தான். அவன் பசியில் அழுதுகொண்டிருந்தான். காலையில் காய்ச்சிய பாலைக் குடிப்பான். பகலுக்குப் பால் இருக்காது, சாயந்தரத்துக்கு இருக்காது, தூங்கப்போகையிலும் இருக்காது. கடையில் வாங்கலாம் என்றால், அபிஷேகத்துக்காகத் தெருவே வாங்கிவிடுவதால் ஆறரைக்குப் பிறகு ஒரு பாக்கெட்டும் மிஞ்சாது. பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்தால் நிறைமதியின் சட்டையிலேயே துப்பினான். உங்கள் ஃப்ரிட்ஜில் ஒரு டம்ளர் பால் வைத்துக்கொள்ளட்டுமா என்று அவள் குப்பம்மாவைப் போய்க் கேட்டாள். "சாமியே உங்க வூட்லதான கீது, என் பொட்டி எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டுக் குப்பம்மா பிரசாதத்துக்குக் கையை நீட்டினாள். ஒரு நாள் பசி பொறுக்காமல் திரிய ஆரம்பித்த பாலையே குடித்தான் கபிலன். குடித்ததையும் சேர்த்து, குடிக்காததையும் வாந்தியெடுத்தான்.

அங்கன்வாடி டீச்சர் அம்மனைத் தரிசிக்க வந்தபோது அமுலு அவளை வாசலிலேயே நிறுத்தி, முதலில் என் பிள்ளையை நிறுத்துப் பாருங்கள், அப்புறம் கும்பிடுங்கள் என்றாள். டீச்சர் தொங்கு தராசைக் கொண்டுவரச் செய்து உத்தரத்தில் மாட்டினாள். போன மாதம் பத்து கிலோ இருநூறு கிராம். இப்போது ஒன்பது கிலோ அறுநூறு. டீச்சர் அட்டையில் எழுதியதும், போன மாதம்வரை ஏறிக்கொண்டிருந்த கோடு ஓர் ஓணானின் வால்போலக் கீழே இறங்கியது.

"இன்னாய்யா, நீ பூசாரியா, அப்பனா?" என்று அமுலு கேட்டாள்.

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். வெள்ளிக்கிழமை நூற்றெட்டுப் பால்குடம், அது ஒன்று மட்டும் முடியட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

ஒரு நாள் காலை பஸ் ஏறுமுன் அமுலு மெக்கானிக் கபூர் பாயை வரவழைத்தாள். அவர் ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவின் ரப்பருக்கு நடுவே வைத்து மூடி, இழுத்துப் பார்த்தார். மூன்று பக்கம் காகிதம் பிடித்துக்கொண்டது, கீழ்ப்பக்கம் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கே ரப்பரில் காய்ந்த பொங்கல் ஒட்டியிருந்தது. ஈரத் துணியால் துடைத்தார். பிறகு அம்மனைப் பார்த்து வணக்கம் சொல்லி, கொஞ்சம் தலையைச் சாயுங்கம்மா, பின்னால் குளிரைக் கூட்டுகிற குமிழைப் பார்க்கணும் என்றார். அம்மன் சாய்ந்தாள். ஃப்ரிட்ஜுக்குள் நகை, பட்டுப்புடவை, விவாகரத்துப் பத்திரம் எல்லாம் பார்த்தவர் அவர். அவருக்கு இது முதல் சாமி, அவ்வளவுதான்.

"பொட்டி நல்லாத்தான் கீதும்மா. கதவுதான் ஓயாம வாயத் தொறந்துக்கினு கீது" என்று சொல்லிவிட்டு, போகிறபோது அவரும் கதவைத் திறந்து, மகளுக்கு நல்ல இடம் அமையட்டும் என்று அம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

நிறைமதி அவர் திறந்ததையும் எண்ணிக்கொண்டாள். அன்று காலை முதலே சாக்பீஸால் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மணியிலிருந்து ஆறு மணிவரை நூற்று நாற்பத்து மூன்று. கடைசிக் கோட்டைப் போட்டபின் அவள் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் தன் கால் விரல்மேல் விழுந்து ஓடும் குளிரைக் கவனித்தாள். அது வெளியே போகிறது; அதன் இடத்துக்குத் தெருவின் வெயில் உள்ளே போகிறது; கதவில் நிற்கும் பாட்டில் ஒவ்வொரு தரமும் வாசலுக்கே வந்து, வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. நூற்று நாற்பத்து மூன்று தரம் வெயிலில் போய்வந்தால் யார்தான் திரியமாட்டார்கள்?

மறுநாள் அவள் நாலு டம்ளர் எடுத்தாள். நாலையும் கழுவி, கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து, காயவைத்தாள். காய்ச்சி ஆறிய பாலை நாலிலும் ஊற்றித் தட்டால் மூடினாள். ஒன்றைக் கதவில் வைத்தாள், ஒன்றை நடுத்தட்டில் வைத்தாள், இரண்டை அம்மனின் முதுகுக்குப் பின்னால், கஷ்டப்பட்டு, செருகினாள். அந்த இரண்டில் ஒன்றில் மட்டும் ஜூஸ் பாட்டிலின் பால் ஒரு கரண்டி கலந்திருந்தது.

"இன்னாடி முதுவுல குத்துது?" என்றாள் அம்மன்.

"டம்ளரு. ஒரு நாளைக்கு பொறுத்துக்கோங்க."

கதவிலிருந்தது பகலில் திரிந்தது. ஒரு கரண்டி கலந்தது, அம்மனின் முதுகோடு முதுகாகக் குளிரில் இருந்தும், சாயந்தரத்துக்குள் திரிந்தது. நடுத்தட்டில் இருந்தது விளக்கு வைக்கும்வரை தாங்கியது. அம்மனின் பின்னால் கலப்பில்லாமல் இருந்த டம்ளர் மறுநாள் காலைவரை, ஆடை கட்டி, அசையாமல் இருந்தது. நிறைமதி அதைச் சுடவைத்துக் கபிலனிடம் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளருக்குள் மூக்கை விட்டுப் பார்த்தான். இன்னும் இரண்டு டம்ளர் இருந்தால் அவனுடைய ஒரு நாள் நிறையும். இன்னும் இரண்டு டம்ளருக்கு அங்கே இடமில்லை.

அன்று வியாழன். பகலில் கூட்டம் சாப்பிடப் போன நேரத்தில் நிறைமதி ஃப்ரிட்ஜைத் திறந்து, சீக்கிரமாகப் பேசினாள். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், தம்பியின் பால்சட்டியை அங்கே வைக்க வேண்டும் என்றாள். அம்மனின் மஞ்சள் வியர்வையில் கரைந்து தாடைவரை வழிந்திருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவள் வந்தபின் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கவில்லை; சும்மா சும்மா எட்டிப் பார்த்தால் யார்தான் தூங்குவார்கள், மீதிப் பாதி மதிப்பெண் அவளுக்குத்தான். நிழல் கேட்டு வந்தேன், கும்பலைக் கூட்டிவிட்டார்கள் என்றாள். ஆனால் தள்ளி உட்கார மட்டும் மாட்டேன் என்றாள். ஏழு தலைமுறையாக ஒரே இடத்தில் உட்கார்ந்தவளுக்கு நகர்ந்து பழக்கமில்லை, ஒரு தரம் நகர்ந்ததே போதும்.

"தம்பி எள்ச்சிப் போயிட்டான். அறநூறு கிராம் கொறஞ்சிட்டான்."

"எனுக்கு நேர்ந்துக்கோ. ஏறிடும்."

"உங்களுக்கு நேர்ந்துக்கினா உங்களையே இன்னான்னு கேக்கறது? நீங்கதான எடத்தப் புடிச்சிக்கினு கீறீங்க."

அம்மன் கண்ணை மூடிக்கொண்டாள். கதவ சாத்து என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு நிறைமதியே போய்ப் பாக்கெட் வாங்கிவந்தாள், ஓடிவந்தாள், வழியில் யாருக்கும் எந்த மகிமையும் சொல்லவில்லை. பாலைப் பொங்கவிட்டு இறக்கினாள். சட்டியைத் தண்ணீர் நிரம்பிய அகலத் தட்டில் வைத்து, தண்ணீர் சூடானதும் மாற்றி, மறுபடி மாற்றி, அடிப்பக்கத்தைத் தொட்டால் கைக்குச் சில்லென்று இருக்கும்வரை ஆறவைத்து, மூடியை அழுத்தி மூடினாள். ஜூஸ் பாட்டிலை எடுத்துக் கொல்லையில் கவிழ்த்தாள்; தெருவின் ஒற்றுமை கட்டி கட்டியாக விழுந்தது. பொங்கல் பானையையும், கூழையும், பாதி தர்பூசணியையும், எலுமிச்சைப் பையையும் வெளியே எடுத்து அடுக்கினாள். அமுலுவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை, சரக்கு ஏற்றும் நாள். அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கபிலனை மகளின் இடுப்பில் கொடுத்து, "பாத்துக்கோ" என்றாள். எதை என்று சொல்லவில்லை.

எட்டு மணிக்குத் தெரு நிறைந்துவிட்டது. நூற்றெட்டுப் பால்குடம் தலையில் ஏறி நின்றது, எல்லாமே வெயிலில். தணிகாசலம் புது வேட்டியில், ஒரு கையில் கற்பூரத் தட்டோடும் மறு கையில் ஒரு மரக்கட்டையோடும் வந்தார். கட்டை, கதவு மூடாமல் முட்டுக்கொடுப்பதற்கு. அன்று பொழுது சாயும்வரை நடை சாத்தப்படாது என்று நேற்றே சொல்லியிருந்தார். ஃப்ரிட்ஜின் முன்னால், கதவில் முதுகை வைத்து, தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் பால்சட்டியோடு நிறைமதி உட்கார்ந்திருந்தாள். கபிலன் அழவில்லை. அழுவதையும் இரண்டு நாளாக விட்டிருந்தான்.

"நவுரு பாப்பா. ஜனம் காத்துக்கினு கீது."

"ஒரு நிமிசம், நைனா."

"ஒரு நாளுதான. நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவர் அதட்டவில்லை. அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. அவருக்குப் பின்னால் குலவை தொடங்கியது. குப்பம்மாதான் எல்லோருக்கும் முந்திக் குலவையிட்டாள். நிறைமதி தம்பியைப் பாயில் கிடத்திவிட்டு எழுந்து, கதவைத் தன் உடம்பு நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, தலையை உள்ளே விட்டாள். உள்ளே எலுமிச்சை இல்லாமல், பொங்கல் இல்லாமல், அகலமாக இருந்தது. அம்மன் நடுவில் சின்னதாகத் தெரிந்தாள்.

"உங்கள தூக்கப் போறேன்" என்றாள் நிறைமதி.

"தொட்டியானா தெருவுக்கே அம்ம போட்டுடுவேன். மொதல்ல உன் தம்பிக்கு."

"அவனுக்குத் தட்டம்ம ஊசி ரெண்டும் போட்டாச்சு. அட்டையில எழுதிக் கீது."

அம்மன் நிறைமதியைப் பார்த்தாள். அவள் தோளுக்கு மேலாக, இடுக்கு வழியே தெரிந்த குடங்களையும், கையில் கட்டையோடு நின்ற தணிகாசலத்தையும், பாயில் கிடந்த பிள்ளையையும் பார்த்தாள். வெளியே குலவை ஏறிக்கொண்டே போயிற்று. ஏழு தலைமுறையில் அவளுக்காக இத்தனை பேர் ஒன்றாக நின்றதில்லை.

"அப்போ எனுக்கு இன்னாடி மிச்சம்?" என்று மெல்லக் கேட்டாள்.

நிறைமதி அம்மனை இரண்டு கையாலும் தூக்கி, அடியிலிருக்கும் காய்கறிப் பெட்டியில், இரண்டு தக்காளிக்கும் ஒரு முள்ளங்கிக்கும் நடுவில் உட்காரவைத்துப் பெட்டியைத் தள்ளினாள். அவள் இருந்த இடத்தில் பால்சட்டியை வைத்தாள். கதவைச் சாத்தினாள். நைனாவின் கையிலிருந்த கட்டையை வாங்கிக்கொண்டு, அடுத்த நடை திறப்பு பன்னிரண்டரைக்கு, தம்பியின் பாலுக்கு என்றாள்.